பால் காய்ச்சி மூன்று மாதம் ஆகவில்லை, டைல்ஸ் தரை பொள்ளலாகச் சத்தம் போடுகிறது. மேஸ்திரியை என்ன செய்வது?

3 ஜூன் 2024, வந்த கேள்வி

புளியரையில் வீடு. மார்ச்சில் பால் காய்ச்சினோம். ஹாலும் இரண்டு அறைகளும் சேர்த்து 640 சதுர அடி, இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ். இப்போது நடந்தால் சில இடங்களில் அடியில் காலியாக இருப்பது போலச் சத்தம் வருகிறது. பாத்ரூமில் தண்ணீர் வெளியேறும் ஜாலிப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் வருகிறது. மேஸ்திரி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஆரியங்காவுக்காரர், போனை எடுப்பதில்லை. 12,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. உடைத்துவிட்டு வேறு ஆளை வைக்கலாமா?

3 ஜூன், இரவு

தம்பி, இன்றைக்கு எதையும் உடைக்க வேண்டாம். பாக்கிப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். வீட்டில் மரக்காம்பு வைத்த கரண்டி இருந்தால் அதை எடுத்து ஒவ்வொரு டைலின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிறகு ஒரு தாளில் ஹாலைக் கட்டம் கட்டமாக வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். போட்டோவும் எடுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

4 ஜூன்

எங்கள் வீடு செங்கோட்டை. 2019இல் தரை போட்டோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், நானும் அத்தையும்தான் வேலையைப் பார்த்துக்கொண்டோம். மேஸ்திரி அந்தப் பக்கத்து ஆள், தென்மலைக்குப் பக்கம். சதுர அடிக்கு 28 ரூபாய் கூலி பேசினேன். சிமெண்டும் மணலும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

பதினோரு நாளில் முடித்துவிட்டார். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மாதம் கழித்து, மாவாட்டும் கிரைண்டரை நகர்த்தும்போது அடுக்களை வாசலில் ஒரு டைல் 'டொக்' என்றது. தட்டித் தட்டிப் பார்த்தால் ஹாலில் மட்டும் இருபத்தி மூன்று. அதைவிட எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. பூஜை அறை வாசலில் ஒரு டைலின் விளிம்பு பக்கத்து டைலைவிட எழும்பி நின்றது. நகத்தை வைத்தால் தட்டும். அத்தைக்கு முழங்கால் வலி, காலைத் தூக்கி வைக்க முடியாது, தேய்த்துத்தான் நடப்பார். அந்த விளிம்பில் பெருவிரல் இடித்து நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "சேச்சி, அது சாரமில்லா, ஷரியாயிக்கோளும்" என்றார், பரவாயில்லை அக்கா, தானாகச் சரியாகிவிடும் என்று. தரை எப்படித் தானாகச் சரியாகும்? சிமெண்டை மிச்சம் பிடித்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார், அடியில் கலவை இல்லை, அதனால்தான் பொள்ளல் என்று அவரிடமே நேராகச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் அதுவாகத்தான் இருக்கும்.

5 ஜூன்

பாத்ரூமைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். வாசல் பக்கத்தில் நின்று ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வீடியோ எடுங்கள். வாட்டம், அதாவது தரையின் சரிவு, ஐந்து அடிக்கு முக்கால் அங்குலமாவது இறங்க வேண்டும். ரசமட்டத்தை நேரான பலகை மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டைல் பளபளப்பாக இருந்தால் கண்ணுக்கு வாட்டம் தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும்.

இதை ஜாயிண்ட் அடைப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். வீடு கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

9 ஜூன்

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். 160 டைலில் 17இல் சத்தம். பெரும்பாலும் சன்னலோரமும் அறைக்குள் நுழையும் இடமும். பாத்ரூமில் தண்ணீர் கால் மணி நேரம் வாசலடியில் நிற்கிறது.

பதினேழும் பெயர்க்க வேண்டியவை அல்ல. நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சத்தம் வந்து நாலு மூலையும் கெட்டியாக இருந்தால் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மூலை பொள்ளலாக இருந்தால்தான் பயம். பீரோ காலோ கட்டில் காலோ அதன் மேல் நின்றால் ஒருநாள் தெறித்துவிடும். ஆகவே மூலைச் சத்தம் வருவதை மட்டும் சிவப்புப் பேனாவில் குறியுங்கள்.

கேஸ் போடுங்கள் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். போடலாம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் நம்மைப் போன்ற எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். மேஸ்திரி கொல்லம் மாவட்டத்துக்காரர் என்பதால் நீங்கள் அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் முதலில் என்ன செய்வது என்று சொல்வார்கள். யார் தரை போட்டாலும், எப்படிக் கூலி கொடுத்தாலும் இது பொருந்தும்.

11 ஜூன்

மேலே கடைசி வரியில் தவறு. என் சித்தி மகன் வக்கீல், படித்துவிட்டு உடனே போன் போட்டான். சதுர அடிக் கணக்கிலோ மொத்தமாகவோ பேசி, இந்த வேலையை இப்படி முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அது சேவை, சட்டத்துக்குள் வரும். நாள் கூலிக்கு ஆள் வைத்து, நாமே மேலே நின்று இதைச் செய் அதைச் செய் என்று ஏவி வாங்கினால் அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று ஆகிவிடும். சட்டம் அதை வெளியே விட்டுவிடுகிறது. தம்பி, நீங்கள் எந்தக் கணக்கில் பேசினீர்கள்? வாட்ஸாப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும், அதை அழித்துவிடாதீர்கள்.

12 ஜூன்

சதுர அடி 35 என்று வாட்ஸாப்பில் இருக்கிறதாம். நல்லது.

16 ஜூன்

4ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டிலும் அதுதான் என்று தீர்ப்பும் கொடுத்துவிட்டேன். மனசு உறுத்துகிறது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

மேஸ்திரியைத் திருடன் என்று சொன்ன பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. சொல்லப்போனால் நான் எடுக்க விடவில்லை. அப்புறம் தென்காசியில் வேறொருவரைக் கூட்டி வந்து அடுக்களை வாசல் டைலைப் பெயர்த்தேன். ஜாயிண்டை மெஷினால் அறுத்து, உறிஞ்சிக் கப்பை ஒட்டி இழுத்தார். ஒரு சுத்தியல் அடிகூடத் தேவைப்படவில்லை. இட்லித் தட்டிலிருந்து இட்லி வருவது போல முழுசாக வந்துவிட்டது.

அடியில் கலவை குறைவாக இருக்கும் என்றுதான் குனிந்து பார்த்தேன். கலவை தளும்பத் தளும்ப இருந்தது. ஒரு குழிகூட இல்லை. டைலின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள் அத்தனையும் சிமெண்டில் அச்சு எடுத்தது போலப் பதிந்திருந்தன, கம்பெனி எழுத்துகூடத் தலைகீழாகப் படிக்க முடிந்தது. டைலின் பின்பக்கமோ கடையிலிருந்து வந்த மாதிரி சுத்தமாக இருந்தது. கையால் தடவினால் வெள்ளையாகப் பொடி ஒட்டியது.

அப்போதுதான் தென்காசிக்காரர் விளக்கினார். பழைய செராமிக் டைலும் மொசைக்கும் தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட் பாலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் டைல் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. அதனால் வெறும் சிமெண்டுக்கு அதன்மேல் பிடி கிடையாது. போதாக்குறைக்குச் சூளையில் ஒட்டாமல் இருக்கப் பூசிய வெள்ளைப் பொடி பின்னால் இருக்கும். அதை ஈரத்துணியால் துடைக்காமல் பதித்தால் சிமெண்ட் பொடியைப் பிடிக்கும், டைலைப் பிடிக்காது. இதற்கென்று பசை மூட்டை தனியாக வருகிறது, ஐ.எஸ். 15477 என்ற தர எண் மூட்டையிலேயே போட்டிருக்கும். பாலிமர் கலந்தது.

மேஸ்திரி இருபது வருடமாக மொசைக்குப் போட்ட கைப்பழக்கத்தில் போட்டிருக்கிறார். சிமெண்டை எடுக்கவில்லை. எனக்குச் சிமெண்ட் கணக்கும் சரியாக இருந்தது, கோபத்தில் பார்க்கவில்லை. பசை வாங்கலாமா என்று அவர் ஒருமுறை கேட்டதாகவும், செலவு கூடும் வேண்டாம் என்று வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து சொன்னதாகவும் பிறகு தெரிந்தது. அதைக் கேட்டபோது நான் பேசிய பேச்சு எல்லாம் திரும்ப வந்தது.

வேலை தவறுதான். விளிம்பு எழும்பியதற்கு யாரும் சாக்குச் சொல்ல முடியாது, அது கண்ணும் நூலும் பார்க்காத குறை. ஆனால் தெரியாமல் செய்ததும் தெரிந்து செய்ததும் ஒன்றில்லை. தம்பி, ஒரே ஒரு டைலைப் பெயர்த்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு மேஸ்திரியிடம் என்ன பேசுவது என்று முடிவு செய்யலாம்.

17 ஜூன்

பெயர்க்கும்போது விளிம்பில் உளியை வைக்க வேண்டாம். பக்கத்து டைல் உதிரும். சுற்றிலும் ஜாயிண்டை அறுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். முழுசாக வராவிட்டால் நடுவிலிருந்து உடைத்து வெளிப்பக்கமாக வாருங்கள். முதலில் மாற்று டைல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் ஷேட் நம்பர் இருக்கும், அதே நம்பர் இல்லாவிட்டால் புதுச் சட்டையில் பழைய துணியை ஒட்டுப்போட்டது போலத் தெரியும்.

22 ஜூன்

ஒருவர், "இதெல்லாம் எதற்கு, பேசாமல் ரெட் ஆக்சைடு தரை போடுங்கள், பாட்டி காலத்தில் என்ன குறை" என்று எழுதியிருக்கிறார். எனக்கும் அந்தத் தரை மேல் ஆசை உண்டு. என் அம்மாச்சி வீடு செங்கோட்டையிலேயே பழைய வீடு. இந்தத் தாலுகா 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடும் அதன்பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, வீட்டு வேலை எல்லாம் மலையாளத்துப் பாணி. அந்தச் சிவப்புத் தரையில் சித்திரை வெயிலில் வெறும் உடம்போடு படுத்தால் வரும் குளிர்ச்சி டைல்ஸில் வராது. அம்மாச்சி தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வாழைச்சருகால் தேய்ப்பாள்.

ஆனால் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடு முற்றத்துத் திண்ணையிலிருந்து அடுக்களை வரை ஒரு மயிரிழை விரிசல் ஓடியது. பிள்ளைகள் நாங்கள் அதன் வழியே எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு அறையை ஆரம்பித்தால் அன்றைக்கே இழைத்து முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடம் கோடாக நிற்கும். இழைக்கத் தெரிந்த கை இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது? தெரியாத ஆளிடம் கொடுத்தால் டைல்ஸையாவது பெயர்க்கலாம், அதைப் பெயர்க்கவும் முடியாது.

2 ஜூலை

தம்பி ஒரு டைலைப் பெயர்த்துவிட்டார். படம் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கதையேதான், பின்பக்கம் வெள்ளை வெளேர். கலவை நிறைய.

மேஸ்திரி வேறு நம்பரிலிருந்து அடித்தால் எடுக்கிறாராம், குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாராம். அவரைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். "எங்களுக்குப் பணம் திரும்ப வேண்டாம், நீங்கள் வந்து பார்த்தால் போதும், பாக்கி அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்" என்று குரலில் பதிந்து அனுப்புங்கள். கூடவே பெயர்த்த டைலின் பின்பக்கப் படம். எழுத்தில் அனுப்புவதானால் தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் பேச்சு இரண்டு பக்கமும் கலந்து போகும், எழுத்து அப்படிப் போகாது. எங்கள் மேஸ்திரி நான் அனுப்பிய நீளமான கடிதத்தை யாரிடமும் காட்ட வெட்கப்பட்டு மடித்து வைத்திருந்தார், ஓணத்துக்குப் பிறகு வந்தபோது சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னையே படிக்கச் சொன்னார். அதில் நான் எழுதியிருந்த வார்த்தைகளை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

அதற்கும் மசியாவிட்டால் மட்டும் தபாலில் ஒப்புகையோடு நோட்டீஸ். பதினைந்து நாள் கெடு. பிறகு ஆணையம்.

3 ஜூலை

"இப்படி இளகினால் ஏமாற்றுவார்கள்" என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அண்ணாச்சி, இளகச் சொல்லவில்லை. 12,000 ரூபாய் தம்பி கையில் இருக்கிறது, படம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசலாம் அல்லவா? பெயர்த்துப் போடுவதற்குப் புது ஆள் கேட்கும் கூலி முதல் கூலியைவிடக் கூடுதல். அடுத்தவர் போட்ட தரையில் கை வைக்க நல்ல மேஸ்திரிகள் யோசிக்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.

14 ஜூலை

சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டம், எங்கள் தெருவில் துணி காயவில்லை. இந்த ஈரத்தில் பாத்ரூம் தரையை உடைக்க வேண்டாம் தம்பி. அடியில் புதுக் கலவை காயாது, காயாததன் மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் உரிந்து வரும். அதுவரை வாசலடியில் தண்ணீரை வழித்துவிட ஒரு ரப்பர் வைப்பரை மாட்டி வையுங்கள். வயதானவர்கள் இருந்தால் ஈரத்தில் தனியாக அனுப்பாதீர்கள்.

ஜாயிண்டில் வெள்ளையாகப் பூப்பது என்ன என்று கேட்ட அம்மாவுக்கு: சிமெண்டிலும் மணலிலும் உள்ள உப்பு ஈரத்தோடு மேலே வந்து காய்கிறது. அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். துடைத்தால் போகும், அடியில் ஈரம் இருக்கும் வரை திரும்ப வரும். ஆசிட் ஊற்றாதீர்கள், ஜாயிண்ட் அரித்துப் போகும்.

18 ஆகஸ்ட்

கடையநல்லூரிலிருந்து ஒருவர், மே மாத வெயிலில் ஹால் நடுவில் இரண்டு டைல் வெடிச் சத்தத்தோடு கூடாரம் போல எழும்பி நின்றது என்கிறார். பேய் பிசாசு இல்லை. சுவரோரம் இடைவெளி விடாமல் நெருக்கி அடித்திருப்பார்கள். டைல் சூட்டில் விரியும், விரிய இடமில்லாவிட்டால் பிடி இல்லாத இடத்தில் மேலே எழும்பும். ஓரத்தில், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையின் கனத்துக்குள் மறையும் அளவு இடைவெளி விட்டால் போதும். டைலுக்கும் டைலுக்கும் நடுவே இடைவெளிக்கு 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைக்க வேண்டும். "ஜாயிண்டே தெரியக் கூடாது" என்று நாம் கேட்கிறோம், அவர்களும் ஒட்டி ஒட்டிப் போட்டுத் தருகிறார்கள்.

22 செப்டம்பர்

ஓணம் முடிந்து மேஸ்திரி வந்துவிட்டார்! தம்பி கூப்பிட்டார், நானே புளியரைக்குப் போய்ப் பார்த்தேன். காலையில் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட மகனும். முதல் அரை மணி நேரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பியின் அம்மா கட்டன்காப்பி கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. வேறு இரண்டு வீட்டிலும் இதே புகாராம். பயந்துபோய்ப் போனை எடுக்காமல் இருந்தாராம்.

சிவப்புப் பேனா போட்டவை ஒன்பது. ஒன்பதையும் பெயர்த்தார்கள். பழைய கலவை மேட்டைச் செதுக்கி இறக்கினார்கள். பிறகு மகன் ஒவ்வொரு டைலையும் திருப்பிப் போட்டு ஈரத்துணியால் துடைத்தான். துணி வெள்ளையாகிக்கொண்டே வந்தது, மூன்று முறை அலசினான். பசையைத் தரையிலும் டைலின் பின்னாலும் தடவி, பல் வைத்த கரணையால் ஒரே பக்கமாக இழுத்தார் மேஸ்திரி. ஈரத்தலையைச் சீப்பால் வாரியது போல வரிவரியாக நின்றது. முதல் டைலைப் பதித்து ரப்பர்ச் சுத்தியலால் தட்டிவிட்டு, உடனே திரும்பத் தூக்கினார். எதற்கு என்று கேட்டேன். "நோக்கட்டே சேச்சி" என்றார், பார்க்கட்டும் அக்கா என்று. வரிகள் எல்லாம் நசுங்கி ஒன்றாகச் சேர்ந்திருந்தன, ஒரு மூலையில் மட்டும் இரண்டு வரி அப்படியே நின்றது. அந்த மூலைக்குக் கொஞ்சம் பசை வைத்து மறுபடி பதித்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர் தூக்கிப் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாத்ரூமில் வாசல் பக்கத்து மூன்று வரிசையை மட்டும் உடைத்து வாட்டம் திருத்துகிறார்கள். பூச்சு அடித்து, ஜாலியை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் டைல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பசை மூட்டையும் டைலும் தம்பி செலவு, கூலி மேஸ்திரி பொறுப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

23 செப்டம்பர்

"ஒரு நாள்" என்று எழுதியது பூச்சு காய்ந்த பிறகு. பூச்சு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் கட்ட வேண்டும். டைல் பதித்து 24 மணி நேரம் யாரும் மேலே நடக்கக் கூடாது, ஜாயிண்டும் அதற்குப் பிறகுதான். பூனையையும் உள்ளே விடாதீர்கள், தம்பி வீட்டில் இரண்டு இருக்கின்றன.

6 அக்டோபர்

வாளித் தண்ணீர் வீடியோ வந்திருக்கிறது. வாசலடியில் ஊற்றிய தண்ணீர் நேராக ஜாலிக்கு ஓடுகிறது. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், அத்தைக்கும் காட்டினேன். பாக்கி 12,000இல் 9,000 அன்றைக்கே கொடுத்தாராம், மீதி தீபாவளிக்கு முன் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு.

10 நவம்பர்

மீதி 3,000 ரூபாயையும் கொடுத்துவிட்டார். ஒன்பது டைலும் கெட்டியாக இருக்கின்றன. குறியில்லாமல் விட்ட எட்டில் ஒன்றுக்கு மட்டும் சத்தம் கொஞ்சம் பரவியிருக்கிறது, மூலைக்கு இன்னும் வரவில்லை. மேஸ்திரி மகனே வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அந்த மேஸ்திரி நம்பர் கேட்டு ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். பொதுவில் போட மாட்டேன், அவரிடம் கேட்டுவிட்டுத் தனியாகச் சொல்கிறேன். கூப்பிடுபவர்கள் டைலோடு பசை மூட்டையையும் வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.